ஒரு சதவீதம் வரை வழக்கில்லை: ஓஸ்காட்டா – மான்சாண்டோ வழக்கு

காப்புரிமை வழக்கு என்றால் வழக்கமாக உரிமையாளர்தான் நீதிமன்றப் படி ஏறுவார். என் கண்டுபிடிப்பைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள் என்பது புகாராக இருக்கும். 2011 மார்ச் 29 அன்று நியூயார்க்கின் மன்ஹாட்டனில் உள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கலான வழக்கு அப்படியே தலைகீழ். வாதிகள் இயற்கை விவசாயிகள், விதை உற்பத்தியாளர்கள், அவர்களுடைய சங்கங்கள். எதிர்வாதி, மரபணு மாற்று விதைகளை விற்ற அமெரிக்க நிறுவனமான மான்சாண்டோ. மனுவின் சாரத்தை இரண்டு வரியில் சொல்லிவிடலாம்: உங்கள் கண்டுபிடிப்பு எங்களுக்கு வேண்டாம், அது எங்கள் வயலுக்குத் தானாக வந்து சேர்ந்தால் எங்கள்மீது வழக்குப் போட உங்களுக்கு உரிமை இல்லை என்று நீதிமன்றம் விளம்ப வேண்டும்.

வழக்கு தொடுத்தபோது வாதிகள் 60 பேர். ஜூன் மாதம் திருத்திய மனுவில் அது 83 ஆனது. முதல் வாதியான இயற்கை விதை வளர்ப்போர் மற்றும் வணிகர் சங்கத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ஓஸ்காட்டா என்பார்கள். அப்போது அதன் தலைவராக இருந்தவர் மெய்ன் மாநிலத்தில் பண்ணை வைத்திருக்கும் ஜிம் கெரிட்சன். சட்ட வேலையைப் பப்ளிக் பேட்டன்ட் பவுண்டேஷன் என்ற பொதுநல அமைப்பு ஏற்றது. வழக்கறிஞர் டேனியல் ராவிசர். மான்சாண்டோவின் 23 காப்புரிமைகள் மனுவில் எண் வாரியாக அடுக்கப்பட்டிருந்தன.

இந்த வழக்கை நிறைய பேர் "விவசாயிகள் தோற்றார்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஏட்டளவில் உண்மைதான்: மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, மேல்முறையீடும் தோற்றது, உச்சநீதிமன்றம் எடுத்துக்கொள்ளவே இல்லை. ஆனாலும் தோற்றவர்கள் கையில் ஒரு பொருளோடு வெளியே வந்தார்கள். அந்தப் பொருள் எவ்வளவு பெறும் என்பதுதான் இங்கே கேள்வி. அதை எடை போட, முதலில் விதைக்குள் போக வேண்டும்.

தூய்மை எங்கே கெடுகிறது

விதைச்சான்றுத் துறையில் இருப்பவர்கள் தூய்மையை இரண்டாகப் பிரிப்பார்கள். கல், மண், களை விதை இல்லாமல் இருப்பது புறத்தூய்மை. மூட்டைமேல் எழுதிய ரகமே உள்ளேயும் இருப்பது இனத்தூய்மை. புறத்தூய்மையைச் சலித்துக் காப்பாற்றிவிடலாம். இனத்தூய்மைக்குச் சல்லடை கிடையாது. அது வயலிலேயே காப்பாற்றப்பட்டாக வேண்டும்.

பயிருக்குப் பயிர் கெடும் வழி வேறு. சோயா தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர். பக்கத்து வயல் ஒட்டியே இருந்தாலும் பூ வழியாகக் கலப்பது குறைவு. அங்கே கலப்பு வருவது இயந்திரத்தால். அறுவடை இயந்திரத்தின் உள்மூலைகளிலும் தானியம் ஏற்றும் திருகுகளிலும் தங்கிய பழைய விதை அடுத்த வயலின் விளைச்சலோடு இறங்கும். லாரியின் தரையிடுக்கு, கிடங்கின் அடிக்கூம்பு எல்லாம் இதே கதை. மக்காச்சோளத்துக்குக் காற்றே எதிரி. அமெரிக்க விதைச்சான்று விதிகளில் கலப்பின மக்காச்சோள விதை வயலுக்குப் பயிர் விலகு தூரம் 660 அடி, ஏறத்தாழ 200 மீட்டர். அதற்கு அப்பாலும் மகரந்தம் போகும். அளவு குறையுமே தவிர நிற்காது. கடுகு இனத்து எண்ணெய்வித்தான கனோலாவோ மூன்று வழியிலும் சேட்டை செய்யும். காற்றிலும் தேனீயிலும் மகரந்தம் பரவும், முற்றிய காய் வெடித்துச் சிதறும், சிதறியது மண்ணில் சில ஆண்டுகள் உறங்கிவிட்டுத் தானாக முளைக்கும்.

அமெரிக்கச் சோயாவில் பத்துக்கு ஒன்பது பங்குக்கு மேல் மரபணு மாற்று விதை என்ற நிலை இந்த வழக்குக் காலத்தில் வந்துவிட்டது. மக்காச்சோளம், பருத்தி, சர்க்கரைக் கிழங்கு, கனோலா எல்லாம் அதே போக்கு. ஆக, தூய விதை வளர்ப்பவர் கடலுக்கு நடுவே திட்டில் நிற்பவர். ஓரத்தில் சில ஏக்கரைக் காப்பு வரிசையாக விடுகிறார். அண்டை விவசாயி எப்போது விதைக்கிறார் என்று கேட்டு, பூக்கும் நாள் மோதாதபடி தன் விதைப்பைத் தள்ளிப் போடுகிறார். அறுவடை இயந்திரத்தைக் கழற்றித் துடைக்கிறார், பரிசோதனைக்குப் பணம் கட்டுகிறார். வாதிகளில் சிலர் இதெல்லாம் கட்டாது என்று மக்காச்சோளத்தையோ கனோலாவையோ சோயாவையோ விதைப்பதையே விட்டுவிட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார்கள்.

ஒரு பட்டையும் முந்நூறு விதையும்

இந்த வழக்கின் முடிச்சு பரிசோதனை மேசையில்தான் இருக்கிறது. அதனால் அங்கே கொஞ்சம் நிற்கலாம்.

மூட்டையின் பல இடங்களில் குத்தூசியால் எடுத்த மாதிரியிலிருந்து விதைகளை எண்ணி எடுக்கிறார்கள். அரைத்து, தண்ணீர் விட்டுக் குலுக்கி, தெளிந்த நீரைச் சிறு குப்பியில் எடுத்து, அதில் ஒரு காகிதப் பட்டையை நிறுத்துகிறார்கள். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நீர் மேலே ஏறும். சில நிமிடங்களில் மேல்கோடு தெரிந்தால் பட்டை வேலை செய்கிறது என்று பொருள். அதற்குக் கீழே இன்னொரு கோடும் தெரிந்தால் சிபி4 ஈபிஎஸ்பிஎஸ் என்ற புரதம் இருக்கிறது. அக்ரோபாக்டீரியம் என்ற மண் நுண்ணுயிரிலிருந்து எடுத்துப் பயிருக்குள் வைத்த மரபணு செய்யும் புரதம் அது. கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தாலும் பயிர் சாகாமல் நிற்பது அதனால்தான். மான்சாண்டோ இதை ரவுண்டப் ரெடி என்ற பெயரில் விற்றது.

ஏன் முந்நூறு விதை? ஒரு மூட்டையில் சரியாக 1 சதவீதம் கலப்பு இருந்தால், எடுத்த 300 விதையிலும் ஒன்றுகூடக் கலப்பாக இல்லாமல் தப்பும் வாய்ப்பு 5 சதவீதம் மட்டுமே. அதாவது 300 விதையில் இரண்டாம் கோடு விழவில்லை என்றால் கலப்பு 1 சதவீதத்துக்குக் கீழே என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். சோம்பலில் 100 விதை மட்டும் பார்த்தால், அதே மூட்டை தப்பிவிடும் வாய்ப்பு 37 சதவீதத்துக்குப் போய்விடும். 0.1 சதவீதத்துக்குக் கீழே என்று அதே நம்பிக்கையில் சொல்ல வேண்டுமானால் 3,000 விதை வேண்டும்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. உண்மையில் அரை சதவீதம் மட்டுமே கலப்புள்ள மூட்டையை இதே 300 விதைப் பரிசோதனையில் வைத்தால், அது தேறும் வாய்ப்பு 22 சதவீதம்தான். ஐந்தில் நான்கு முறைக்குக் கிட்ட, கோடு விழுந்துவிடும். கோடு விழுந்தது என்பதைத் தவிர எத்தனை விதையால் விழுந்தது என்று பட்டை சொல்லாது. அரை சதவீதமா, இரண்டு சதவீதமா? அதற்குப் பலமுறை, சிறு சிறு பிரிவுகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், அல்லது ஆய்வகத்துக்கு அனுப்பி மரபணு அளவைச் சோதனை செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காசு.

இனித்தான் சட்டம் உள்ளே வருகிறது. காப்புரிமை மீறலுக்கு உள்நோக்கம் தேவையில்லை. தெரியாமல் செய்தேன், வேண்டாமல் வந்தது என்பதெல்லாம் இழப்பீட்டின் அளவைக் குறைக்கலாம். மீறல் இல்லை என்று ஆக்காது. காப்புரிமை பெற்ற மரபணு உள்ள விதையை அனுமதியின்றி விதைப்பதும் விற்பதும் "பயன்பாடு". பட்டையில் கோடு விழுந்த பிறகு விதைத்தால் தெரிந்தே பயன்படுத்தியதாகிவிடும். தூய்மையைக் காக்கச் செய்யும் பரிசோதனையே தனக்கு எதிரான சாட்சியாக மாறும் என்பது வாதிகளின் அச்சம். சோதிக்காமல் இருந்தாலோ வாங்குபவர் திருப்பி அனுப்புவார்.

அச்சத்துக்கு முன்கதை

இந்த அச்சம் கற்பனை என்று தள்ளிவிட முடியாதபடி செய்தது கனடா வழக்கு. சஸ்காட்சுவான் மாகாணத்தின் புரூனோ என்ற ஊரைச் சேர்ந்த பெர்சி ஷ்மைசர் தன் விதையைத் தானே எடுத்துவைத்து விதைக்கும் கனோலா விவசாயி. 1997இல் மின்கம்பங்களைச் சுற்றிக் களைக்கொல்லி அடித்தபோது பல செடிகள் சாகாமல் நின்றதைக் கண்டார். பரிசோதிக்க மூன்று ஏக்கர் அளவுக்கு அடித்துப் பார்த்தார், பெரும்பங்கு நின்றது. அந்தப் பகுதியின் விதையை எடுத்துவைத்து 1998இல் ஏறத்தாழ 1,000 ஏக்கரில் விதைத்தார். சோதித்தபோது 95 முதல் 98 சதவீதம் ரவுண்டப் ரெடி.

முதல் விதை எப்படி வந்தது என்பதை நீதிமன்றங்கள் பெரிதுபடுத்தவில்லை. காற்றோ லாரியோ, வந்ததைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுத்துப் பெருக்கினார் என்பதே அவருக்கு எதிராகப் போயிற்று. 2004 மே 21 அன்று கனடா உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் மீறல் என்று தீர்ப்பளித்தது. அந்த மரபணுவால் அவருக்குக் கூடுதல் லாபம் எதுவும் வரவில்லை என்பதால் பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்றும் சொன்னது.

அந்த வழக்கை ஒரு சாதாரண விவசாயியின்மேல் காற்று கொண்டுவந்த பழி என்று சொல்பவர்கள் 95 சதவீதத்தை விழுங்கிவிடுகிறார்கள். மான்சாண்டோ தரப்பில் பேசியவர்கள் முதல் கம்பத்தடிச் செடியை விழுங்கிவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் ஓஸ்காட்டா கேட்டது புரியும்: களைக்கொல்லி அடித்துப் பொறுக்கி எடுக்காத, அந்த மரபணுவே வேண்டாம் என்று இருக்கிற ஆளுக்கு என்ன நிலை?

வழக்கின் போக்கு

மனுவின் ஒரு வாதம் விசித்திரமானது. அதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். பயனுள்ள கண்டுபிடிப்புக்கே காப்புரிமை என்பது விதி. 1817இல் நீதிபதி ஜோசப் ஸ்டோரி ஒரு நீரிறைக்கும் பம்பு வழக்கில், சமுதாய நலனுக்குக் கேடானது பயனுள்ளது ஆகாது என்று சொல்லியிருந்தார். அதை எடுத்துக் காட்டி, மரபணு மாற்று விதைக்கான காப்புரிமைகளே செல்லாது என்று மனு கேட்டது. இரு நூற்றாண்டுப் பழைய வரியை வைத்து 23 காப்புரிமைகளைக் கவிழ்க்கும் முயற்சி. அது எடுபட்டிருக்குமா என்று பார்க்கும் கட்டத்துக்கே வழக்கு போகவில்லை.

போகாததற்குக் காரணம் வாசற்படி. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து வழங்காது. இரு தரப்புக்கும் இடையே உண்மையான, உடனடியான தகராறு இருக்க வேண்டும். 2007இல் மெட்இம்யூன் வழக்கில் உச்சநீதிமன்றம் இந்த வாசலைக் கொஞ்சம் அகலப்படுத்தியிருந்தது. ஓஸ்காட்டா அதை நம்பித்தான் வந்தது. வழக்குத் தொடுத்ததும், எங்கள்மீது வழக்குப் போடமாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள் என்று ராவிசர் மான்சாண்டோவைக் கேட்டார். நிறுவனம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க மறுத்தது. பதிலுக்குத் தன் இணையதளத்தில் ஏற்கெனவே இருந்த வாசகத்தைச் சுட்டியது: எதிர்பாராத வழியில் விவசாயியின் வயலில் எங்கள் காப்புரிமை விதையோ பண்போ இம்மியளவு இருந்தால் அதற்காகக் காப்புரிமையைப் பயன்படுத்துவது எங்கள் கொள்கை அல்ல, இனியும் ஆகாது.

நீதிபதி நவோமி ரைஸ் புக்வால்ட் 2012 பிப்ரவரி 24 அன்று வழக்கைத் தள்ளுபடி செய்தார். வாதிகளில் ஒருவரிடமும் மான்சாண்டோ உரிமத்தொகை கேட்டதில்லை, மிரட்டியதில்லை. நிறுவனம் 1997 முதல் 2010 வரை தொடுத்த வழக்குகள் 144. நாட்டில் உள்ள பண்ணைகளோ சுமார் 20 லட்சம். அந்த விகிதத்தில் அச்சம் நியாயமற்றது என்றார். இல்லாத தகராறை இருப்பதாகக் காட்ட வாதிகள் முயல்கிறார்கள் என்று கடுமையாகவே எழுதினார். வழக்குவரை போகாமல் சமரசத்தில் முடிந்தவை இன்னும் சில நூறு என்பதை அந்த 144 சொல்லாது. அறைக்குள் முடிந்த மிரட்டல் புள்ளிவிவரத்தில் ஏறுவதில்லை என்பதை நீதிபதி போதிய அளவு எடைபோடவில்லை என்பது என் எண்ணம்.

மேல்முறையீடு வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சிச் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. காப்புரிமை மேல்முறையீடுகள் போகும் நீதிமன்றம் அது. 2013 ஜூன் 10 அன்று வந்த தீர்ப்பை நீதிபதி டைக் எழுதினார். உடன் இருந்தவர்கள் பிரைசன், மூர். முடிவு அதேதான்: தள்ளுபடி. போகிற வழிதான் முற்றிலும் வேறு.

புக்வால்ட் அச்சத்தை நியாயமற்றது என்றார். டைக் அப்படிச் சொல்லவில்லை. மரபணு மாற்று விதை மற்ற வயல்களில் கலப்பது தவிர்க்க முடியாதது என்று ஏற்றுக்கொண்டார். காற்றில் வந்த விதையைப் பயன்படுத்துவதும் விற்பதும் உள்நோக்கம் இல்லாவிட்டாலும் மீறல் என்றே இந்த வழக்குக்காக வைத்துக்கொள்வோம், தீர்மானிக்கவில்லை என்றார். அப்படியானால் வாதிகளுக்கு ஆபத்து இருக்கிறதல்லவா? இருந்திருக்கும், ஆனால் மான்சாண்டோவே அதை அடைத்துவிட்டது என்பது அவருடைய விடை. வழக்கு முழுக்க அந்த நிறுவனம் நீதிமன்றத்திடம் சொல்லிவந்தது என்ன? விதையோ மகரந்தமோ காற்றில் வந்து விழுந்து, எதிர்பாராமல் இம்மியளவு கலந்திருக்கும் விவசாயிகள்மீது நடவடிக்கை எடுக்கமாட்டோம் என்பது. அதைச் சொல்லித்தான் வழக்கைத் தள்ளச் சொன்னது. ஒரு வழக்கில் ஒன்றைச் சொல்லி வென்றுவிட்டு, பின்னொரு நாள் அதற்கு எதிராகப் பேச முடியாது. சட்டத்தில் இதற்கு முரண்தடை என்று பெயர். ஆக, இணையதளத்தில் விளம்பரம் போலக் கிடந்த வாசகம் அன்றிலிருந்து நிறுவனத்தைக் கட்டும் உறுதிமொழி ஆனது. கையெழுத்திட மறுத்ததை நீதிமன்றம் கையெழுத்திட்டதற்குச் சமமாக ஆக்கிவிட்டது.

"இம்மியளவு" என்றால் எவ்வளவு? நீதிமன்றம் ஏறத்தாழ 1 சதவீதம் என்று எடுத்துக்கொண்டது. பல விதைச்சான்று விதிகளிலும் பொருள்சான்று விதிகளிலும் அனுமதிக்கும் அளவு அது என்பதே காரணம். தங்கள் விளைச்சலில் அதற்கு மேல் கலப்பு வந்ததாகவோ வரும் என்றோ வாதிகளில் ஒருவர்கூடச் சொல்லவில்லை; எனவே உறுதிமொழிக்கு வெளியே நிற்பவர் இங்கே யாரும் இல்லை.

காப்பு வரிசைக்கும் பரிசோதனைக்கும் ஆகும் செலவே பாதிப்பு இல்லையா என்று வாதிகள் கேட்டார்கள். அதற்கான விடையை நீதிமன்றம் அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த கிளாப்பர் தீர்ப்பிலிருந்து எடுத்தது. அது ஒட்டுக்கேட்பு பற்றிய வழக்கு. வரலாம் என்று பயந்து தானே செய்துகொண்ட செலவைக் காட்டி வழக்குரிமை கோர முடியாது என்பது அதன் விதி. தொலைபேசிக் கண்காணிப்புக்கு எழுதிய வரி மக்காச்சோள வரப்புக்கு வந்து சேர்ந்தது. எனக்கு இது ஒட்டவில்லை. தீர்ப்பின் முன்பாதியில் கலப்பு தவிர்க்க முடியாதது என்று சொல்லிவிட்டு, பின்பாதியில் அதைத் தடுக்கும் செலவை ஊகத்தின்மேல் செய்த செலவு என்பது எப்படிப் பொருந்தும்? வழக்கு வரும் என்பது ஊகமாக இருக்கலாம். மகரந்தம் வரும் என்பது ஊகமில்லை.

2014 ஜனவரி 13 அன்று உச்சநீதிமன்றம் மனுவை ஏற்க மறுத்தது. வழக்கு அத்துடன் முடிந்தது.

கிடங்கு வாசலில் இன்னொரு வழக்கு

டைக் தீர்ப்புக்கு நான்கு வாரம் முன்பு, 2013 மே 13 அன்று, உச்சநீதிமன்றம் பௌமன் வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்திருந்தது. இந்தியானா மாநிலத்தின் வெர்னான் பௌமன் முதல் போகத்துக்கு உரிமம் கட்டிய விதையை வாங்கினார். பின்போகத்துக்கு மட்டும், தானியக் கிடங்கில் தீவனத்துக்கும் ஆலைக்கும் போகிற கலவைச் சோயாவை மலிவாக வாங்கி விதைத்து, களைக்கொல்லி அடித்து, தப்பியதை எடுத்துவைத்து மறுபடி விதைத்தார். ஒருமுறை விற்றதோடு காப்புரிமை தீர்ந்துவிடும் என்பது அவர் வாதம். விற்ற பொருளுக்குத் தீரும். அதிலிருந்து புதிதாகச் செய்த பிரதிக்குத் தீராது என்றார் நீதிபதி எலினா கேகன். விதைதான் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டது என்ற வாதத்தை, பழியைச் சோயா அவரையின்மேல் போடும் வாதம் என்று கேலியாகத் தள்ளினார். பௌமன் கட்ட வேண்டியது 84,456 டாலர்.

தூய்மை காப்பவர்களுக்கு இந்த வழக்கில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. கிடங்கு என்பது அடையாளம் அழியும் இடம். யாருடைய வயல், என்ன ரகம் என்ற கேள்வி வாசலிலேயே நின்றுவிடும்; எல்லாம் ஒரே குவியல். அந்தக் குவியலில் பத்தில் ஒன்பதுக்கு மேல் காப்புரிமை விதை என்பது பௌமனுக்குத் தெரியும், தெரிந்துதான் வாங்கினார். உரிமம் பெறாத விதை வேண்டும் என்று தேடும் விவசாயிக்கு அந்தக் குவியல் இனி உதவாது. வயலிலிருந்து கிடங்குவரை தனியாக வைத்து, தாளில் தொடர்ச்சியாகப் பதிந்துவந்த விதை மட்டுமே உதவும். அதாவது, காப்புரிமை வேண்டாம் என்பவரையும் தன் விதையின் பிறப்பு வளர்ப்பை நிரூபிக்கும் ஆவணக்காரராகக் காப்புரிமையே மாற்றிவிட்டது.

எதிர்த்திசையில் ஓடும் பணம்

கலப்பால் நட்டம் வந்து நிறுவனம் பணம் கட்டிய வழக்குகளும் உண்டு. அவற்றை இதோடு குழப்பிக்கொள்வது சகஜம். 2006 ஆகஸ்டில், ஜெர்மன் நிறுவனமான பேயரின், விற்பனைக்கு அனுமதி பெறாத எல்எல்601 என்ற மரபணு மாற்று நெல் அமெரிக்க நீள அரிசியில் இருப்பது வெளியானது. ஜப்பான் இறக்குமதியை நிறுத்தியது, ஐரோப்பா ஒவ்வொரு சரக்கையும் சோதிக்கச் சொன்னது, விலை சரிந்தது. 2011 ஜூலையில் பேயர் 75 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதற்கு முன் 2000இல் தீவனத்துக்கு மட்டும் அனுமதித்த ஸ்டார்லிங்க் மக்காச்சோளம் மனித உணவில் அகப்பட்டபோதும் இழப்பீடு போனது.

அந்த வழக்குகள் பொல்லாங்குச் சட்டத்தில், அதாவது ஒருவர் தவறால் இன்னொருவருக்கு வந்த நட்டத்துக்கு ஈடு கேட்கும் சட்டத்தில் நடந்தவை. சந்தை இடிந்தது, நட்டத்தைக் கணக்குப் போட்டுக் காட்ட முடிந்தது. அனுமதி பெற்ற பண்பு, சட்டப்படி விதைத்த அண்டை வயலிலிருந்து வந்தால் நிலைமை வேறு. மேற்கு ஆஸ்திரேலியாவின் கோஜோனப் வழக்கில், பக்கத்து வயலின் கனோலா காற்றில் வந்ததால் இயற்கைச் சான்றிதழைப் பெரும்பகுதி நிலத்துக்கு இழந்த விவசாயி 85,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டார். 2014இல் தோற்றார், மேல்முறையீட்டிலும் தோற்றார். அண்டை விவசாயி தவறு எதுவும் செய்யவில்லை, கெடுபிடி சான்றளித்த அமைப்பின் விதியில்தான் என்பது நீதிமன்றத்தின் பார்வை.

ஷ்மைசர் கதைக்கும் ஒரு பின்குறிப்பு உண்டு. 2005இல் அவர் வயலில் மறுபடி ரவுண்டப் ரெடி கனோலா தானாக முளைத்தது. பிடுங்கச் செலவானது 660 கனடா டாலர். 2008 மார்ச்சில் மான்சாண்டோ அதைக் கட்டியது. சிறு தொகைதான், இருந்தும் கலப்பு வந்து விழுந்தவரின் செலவை விதைக்கு உரியவர் கட்டிய அபூர்வமான ரசீது அது.

கலப்பின் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியை அமெரிக்காவில் வேளாண்துறையின் ஆலோசனைக் குழு ஒன்று எடுத்தது. 2012 நவம்பரில் வந்த அதன் அறிக்கை, தேவைப்பட்டால் பயிர்க் காப்பீடு மாதிரியான ஏற்பாட்டைப் பார்க்கலாம் என்றது. இயற்கை விவசாயிகள் கொதித்தார்கள்: கலப்பது ஒருவர், பிரீமியம் கட்டுவது இன்னொருவரா?

ஒரு சதவீதம் பெறும் விலை

இனி அந்தக் கைப்பொருளை எடை போடலாம். 1 சதவீதம் என்ற கோட்டை இழுத்தது ஒரு வழக்கு. வாங்குபவர்கள் இழுத்த கோடு வேறு. மரபணு மாற்று தவிர்த்த பொருளுக்குச் சான்றளிக்கும் வட அமெரிக்காவின் நான்-ஜிஎம்ஓ புராஜெக்ட் முத்திரைக்கு உணவில் 0.9 சதவீதம், விதையில் 0.25 சதவீதம் வரம்பு. ஐரோப்பாவில் 0.9 சதவீதத்தைத் தாண்டினால் முகப்புச்சீட்டில் எழுத வேண்டும். அமெரிக்க இயற்கை வேளாண் விதி செய்முறையைப் பார்க்கிறது. இம்மியளவு இருப்பதாலேயே சான்றிதழ் தானாகப் போய்விடாது. ஆனால் சான்றிதழ் திறந்துவிட்ட சந்தையை வாங்குபவரின் பரிசோதனைச் சீட்டு மூடிவிடும்.

ஒரு கிலோ கனோலாவில் சுமார் இரண்டரை லட்சம் விதை இருக்கும். அதில் 1 சதவீதம் என்றால் 2,500 விதை. நீதிமன்றம் "இம்மி" என்று அழைத்ததை விதைக்காரர் கையில் அள்ளிப் பார்த்தால் அப்படி அழைக்கமாட்டார்.

மேலும் இந்த உறுதிமொழி விதை விற்பவரின் வழக்குப் பயத்தை மட்டும் எடுக்கிறது. 0.8 சதவீதம் கலப்புள்ள மக்காச்சோள விதையை வைத்திருப்பவர்மீது மான்சாண்டோ வழக்குப் போட முடியாது. அவரும் அதைத் தூய விதையாக விற்க முடியாது. காப்பு வரிசை, கழுவிய இயந்திரம், முந்நூறு விதையும் பட்டையும் எல்லாம் அவர் செலவிலேயே தொடர்கின்றன. ஆண்டுதோறும் விதையை எடுத்துவைத்து விதைப்பவருக்கு இன்னொரு சிக்கல்: திறந்த மகரந்தச் சேர்க்கைப் பயிரில் ஒவ்வொரு பருவமும் கொஞ்சம் புதிதாகச் சேர்ந்தால், இந்த ஆண்டின் 0.6 அடுத்த ஆண்டுகளில் 1.2 ஆகலாம். அவர் செய்தது எதுவும் மாறியிருக்காது. உறுதிமொழியின் உள்ளே இருந்தவர் வெளியே வந்திருப்பார்.

ரவுண்டப் ரெடி சோயாவின் முதல் தலைமுறைக் காப்புரிமை 2015இல் முடிந்தது. மான்சாண்டோவை 2018இல் பேயர் வாங்கி, அந்தப் பெயரையே எடுத்துவிட்டது. அடுத்தடுத்த தலைமுறைப் பண்புகள் புதிய காப்புரிமைகளோடு வயலில் இருக்கின்றன.

வரம்பைத் தாண்டியவர் வந்தால் கேள்வி வேறு என்று டைக் தீர்ப்பு இடம் விட்டிருக்கிறது. அப்படி வருகிறவர் வாசற்படியைக் கடக்க, தன் வயலில் 1 சதவீதத்துக்கு மேல் காப்புரிமைப் பண்பு இருக்கிறது என்ற பரிசோதனைச் சீட்டைத் தன் கையாலேயே நீதிமன்றத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். எதிர்வாதிக்கு அதில் ஒரு நகல் போகும்.